மருந்து கேட்டதா, தானாகத் தேறியதா? கால்நடை வளர்ப்போர் நிகழ்தகவைக் கொண்டு தீர்மானிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மழைக்காலத்தில் கொசுவும் கடி ஈயும் பெருகும்போது கறவை மாடுகளுக்கு மூன்று நாள் காய்ச்சல் வருகிறது. மாடு நொண்டுகிறது, தீவனத்தைத் தொடுவதில்லை, பால் சட்டென்று குறைகிறது, சில மாடுகள் படுத்துவிடுகின்றன. வைரஸால் வரும் இந்த நோயில் பெரும்பாலான மாடுகள் மூன்று நான்கு நாட்களில் தாமாகவே எழுந்துவிடும். அதனால் இரண்டாம் நாள் எதைக் கொடுத்தாலும் நான்காம் நாள் பலன் தெரியும். கஷாயம் கொடுத்தவர் கஷாயத்தைப் புகழ்வார், ஊசி போட்டவர் ஊசியைப் புகழ்வார், வேண்டுதல் வைத்தவர் தெய்வத்துக்கு நன்றி சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை. மாடு எழுந்தது உண்மை. மருந்தால்தான் எழுந்ததா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை காண ஆய்வகம் தேவையில்லை. ஒரு குறிப்பேடு, செல்பேசியிலுள்ள கணக்குப்பொறி, பள்ளியில் படித்த பெருக்கல், கொஞ்சம் பொறுமை போதும். பத்து ஆடு வைத்திருப்பவரும் செய்யலாம். மருந்துக்காகக் கடன் வாங்கும் குடும்பங்கள் உள்ள ஊர்களில் இந்தக் கணக்கு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: மருந்து கொடுப்பதற்கு முன்பே கேள்வியை எழுதிவைத்தல்

எந்த நோய், எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள், எதைத் "தேறியது" என்று கணக்கில் கொள்வது, எந்த நாளில் பார்ப்பது ஆகிய ஆறையும் தேதியிட்டு எழுதுங்கள். "நன்றாக ஆகிவிட்டது" என்று எழுதினால் பயன் இல்லை. "ஐந்தாம் நாள் காலை சாணம் கெட்டியாக இருந்தது, குட்டி தானாகப் பால் குடித்தது" என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்.

முன்பே எழுதாவிட்டால் என்ன ஆகும்? ஐந்தாம் நாள் தேறாத குட்டியை ஏழாம் நாள் வரை பார்ப்போம். இறந்த குட்டியை "அது முன்பே பலவீனமாக இருந்தது" என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். நல்ல எண்ணத்தோடுதான் இதைச் செய்வோம். ஆனாலும் இப்படி இரண்டு விலக்குகள் கொடுத்தாலே, பயனற்ற மருந்தும் தேர்ச்சி பெற்றுவிடும்.

இரண்டாம் படி: மருந்தில்லாமல் எத்தனை தேறும்?

மொத்தக் கணக்குக்கும் அடித்தளம் இந்த ஒற்றை எண்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் "பத்தில் எட்டு குணமானது" என்று சொன்னால் அதற்குப் பொருளே கிடையாது.

உங்கள் பட்டியின் பழைய குறிப்புகளில் தேடுங்கள். அதே நோய் வந்து, தண்ணீரும் பராமரிப்பும் தவிர வேறெதுவும் கொடுக்காத கால்நடைகள் எத்தனை, அவற்றில் எத்தனை தேறின? உங்களிடம் குறிப்பு இல்லையென்றால் அக்கம்பக்கத்தாரிடமும் கால்நடை மருந்தக மருத்துவரிடமும் கேளுங்கள். நினைவிலிருந்து சொல்லும் எண்ணைச் சற்றுச் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். செத்த ஆடு மனத்தில் நிற்கும், தானாகத் தேறிய ஆடு மறந்துபோகும். எனவே இயற்கையாகத் தேறும் விகிதத்தை நாம் எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். ஐயம் இருந்தால் விகிதத்தைச் சற்றுக் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடுமையையும் தாண்டி ஒரு மருந்து தேறினால் அதை நம்பலாம்.

மூன்றாம் படி: வெறும் தண்ணீராக இருந்தால் இந்தப் பலன் வர எவ்வளவு வாய்ப்பு?

ஓர் எடுத்துக்காட்டு. கழிச்சல் கண்ட 10 ஆட்டுக்குட்டிகளுக்கு ஒரு புதிய மருந்து கொடுத்தீர்கள். ஐந்து நாளில் 8 குட்டிகள் தேறின. உப்பு-சர்க்கரைக் கரைசல் மட்டும் கொடுத்த முந்தைய ஆண்டுகளில் 100-க்கு 60 குட்டிகள் தேறியதாக உங்கள் குறிப்பேடு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம் என்றே முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒவ்வொரு குட்டியும் தேறும் வாய்ப்பு 0.6, தேறாமல் போகும் வாய்ப்பு 0.4.

பத்தும் தேற வேண்டுமானால் 0.6-ஐப் பத்து முறை பெருக்க வேண்டும். விடை 0.006.

ஒன்பது தேறி ஒன்று தேறாமல் போக வேண்டுமானால் 0.6-ஐ ஒன்பது முறையும் 0.4-ஐ ஒரு முறையும் பெருக்குங்கள். தேறாத அந்த ஒன்று எந்தக் குட்டியாகவும் இருக்கலாம் என்பதால் 10-ஆல் பெருக்குங்கள். விடை 0.040.

எட்டு தேறி இரண்டு தேறாமல் போக வேண்டுமானால் 0.6 எட்டு முறை, 0.4 இரண்டு முறை. பத்துக் குட்டிகளில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 45 வழிகள் உள்ளன. விடை 0.121.

மூன்றையும் கூட்டினால் 0.167. அதாவது எந்தச் சக்தியும் இல்லாத மருந்து கொடுத்தாலும், ஆறு முறைக்கு ஒரு முறை "பத்தில் எட்டு அல்லது அதற்கு மேல்" தேறியிருக்கும். காதுக்குப் பெரிதாகக் கேட்கும் 80 சதவீத வெற்றி, உண்மையில் இவ்வளவு மெலிதான சான்றுதான். அதே 10-இல் 9 தேறியிருந்தால் வாய்ப்பு 0.046 ஆகிறது. பத்தும் தேறியிருந்தால் 0.006. ஒவ்வொரு குட்டியும் கணக்கை எவ்வளவு அசைக்கிறது என்று பாருங்கள்.

சரியாக எட்டு தேறுவதற்கான வாய்ப்பை மட்டும் எடுக்காமல் "எட்டும் அதற்கு மேலும்" என்று கூட்டியதற்குக் காரணம் உண்டு. ஒன்பதோ பத்தோ தேறியிருந்தாலும் நாம் மருந்தைத்தான் பாராட்டியிருப்போம். நம்மை ஏமாற்றக்கூடிய எல்லா முடிவுகளையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெருக்கல் பிடிக்காதவர்கள் புளியங்கொட்டையை எடுங்கள். ஒரு பையில் பத்துக் கொட்டைகள் போடுங்கள், அவற்றில் நான்கில் சுண்ணாம்பு தடவுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்து, எது வந்தது என்று குறித்துக்கொண்டு, திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். பத்து முறை எடுத்தால் ஒரு பட்டி. இப்படி ஐம்பது பட்டிகள் செய்து, எத்தனை பட்டிகளில் எட்டோ அதற்கு மேலோ சுண்ணாம்பு இல்லாத கொட்டைகள் வந்தன என்று எண்ணுங்கள். ஏறக்குறைய எட்டு வரும். சுய உதவிக் குழுக் கூட்டங்களிலும் பள்ளிப் பிள்ளைகளோடும் இதைச் செய்து காட்டலாம். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தவரைவிடக் கொட்டையை எடுத்துப் பார்த்தவருக்குத் தற்செயலின் வலிமை நன்றாகப் புரியும்.

எந்த அளவுக்குக் கீழே போனால் நம்புவது? 20-இல் 1, அதாவது 0.05 என்ற எல்லையை 1920-களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரொனால்ட் ஃபிஷர் வசதிக்காக முன்வைத்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் இருக்கும் மஞ்சளைப் பூசுவதற்கு 10-இல் 1 போதும். ஒரு மாட்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் மருந்துக்கு 100-இல் 1 கேட்பதே நியாயம்.

இங்கே நோயின் தன்மையையும் பார்க்க வேண்டும். தானாக 80 சதவீதம் தேறிவிடும் நோயில் பத்துக்குப் பத்து தேறினாலும் வாய்ப்பு 0.107. பத்து மாட்டை வைத்து அந்த நோய்க்கான எந்த மருந்தையும் நிரூபிக்க முடியாது, முயலவும் வேண்டாம். மூன்று நாள் காய்ச்சல் இந்த வகைதான். மறுபக்கம், தடுப்பூசி போடாத கோழிகளுக்குக் கடுமையான வெள்ளைக் கழிச்சல் வந்தால் பெரும்பாலானவை மடிந்துவிடும். 10-இல் 9 சாகும் என்று வைத்துக்கொண்டால், நான்கில் மூன்று பிழைப்பதற்கான வாய்ப்பு 0.004-க்கும் குறைவு. நான்கே கோழிகள் இருந்தாலும் அது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் வந்தது வெள்ளைக் கழிச்சல்தானா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். நோயைத் தவறாகக் கண்டறிந்திருந்தால் மேலே போட்ட கணக்கு முழுவதும் வீண்.

தடுப்பு மருந்தானால்

வரும் முன் காக்கக் கொடுக்கும் மருந்துக்கும் இதே முறைதான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் உங்கள் குட்டிகளில் 30 சதவீதம் நோயுறும் என்று கொள்வோம். மருந்து கொடுத்த 5 குட்டிகளில் ஒன்றுக்கும் நோய் வரவில்லை என்றால் 0.7-ஐ ஐந்து முறை பெருக்குங்கள்: 0.168. போதாது. 20-இல் 1 என்ற எல்லையைத் தாண்ட வேண்டுமானால்,

ஒன்றுகூட நோயுறாமல் 9 குட்டிகள் (0.040), அல்லது
ஒன்று மட்டும் நோயுற்ற 14 குட்டிகள் (0.047), அல்லது
இரண்டு மட்டும் நோயுற்ற 19 குட்டிகள் (0.046)

தேவை. இந்த மூன்று முடிவுகளும் ஏறத்தாழ ஒரே எடையுள்ள சான்றுகள். "ஒன்பதுக்கும் வரவில்லை" என்பவரைக் கொண்டாடி, "பத்தொன்பதில் இரண்டுக்கு வந்துவிட்டது" என்பவரைக் குறை சொல்வது சரியல்ல.

நான்காம் படி: இந்த ஆண்டின் ஒப்பீட்டுக் குழு

பழைய குறிப்பேட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. சென்ற ஆண்டின் மழை வேறு, தீவனம் வேறு, நோயின் வேகமும் வேறு. நோயே வராத ஆண்டில் எல்லா மருந்தும் வேலை செய்யும். ஆகவே இதே ஆண்டில், இதே பட்டியில், பாதிக்கு மருந்து கொடுத்துப் பாதிக்குக் கொடுக்காமல் பார்ப்பதே நேரான வழி.

பிரிப்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கையால் பிடித்துப் பிரித்தால் சாதுவான ஆடு, கொழுத்த ஆடு, பக்கத்தில் நின்ற ஆடு ஒரு பக்கம் சேர்ந்துவிடும். காதுத் தோடு எண்ணைச் சீட்டில் எழுதி, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்லுங்கள்.

16 ஆடுகளில் 8-க்கு மருந்து, 8-க்கு இல்லை. பருவம் முடிந்தபோது 4 ஆடுகள் நோயுற்றன. நான்குமே மருந்தில்லாத குழு. இது தற்செயலாக நடக்க என்ன வாய்ப்பு? முதலில் நோயுற்ற ஆடு அந்தக் குழுவில் இருக்கும் வாய்ப்பு 16-இல் 8. அடுத்தது, மீதி 15-இல் 7. பிறகு 14-இல் 6, 13-இல் 5. நான்கையும் பெருக்கினால் 0.038, அதாவது 26-இல் 1. மூன்று ஆடுகள் மட்டும் நோயுற்றிருந்தால் 10-இல் 1 வரும். ஆறு நோயுற்று, மருந்து பெற்றவற்றில் ஒன்று, பெறாதவற்றில் ஐந்து என்றால் சுமார் 17-இல் 1. இந்த முறையில் இயற்கை விகிதத்தைத் தனியாக ஊகிக்க வேண்டியதில்லை. ஒப்பீட்டுக் குழுவே அதைச் சொல்லிவிடுகிறது.

உலகறிந்த கால்நடைச் சோதனை ஒன்றுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1881-இல் பிரான்ஸில் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் லூயி பாஸ்டர் தமது அடைப்பான் நோய்த் தடுப்பூசியைப் பொதுமக்கள் முன்னிலையில் சோதித்தார். 24 செம்மறிகளுக்கு மே மாதத்தில் இரு தவணையாகத் தடுப்பூசி போடப்பட்டது. 24-க்குப் போடவில்லை. மே 31 அன்று எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள நோய்க்கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2-க்குள் தடுப்பூசி போடாத செம்மறிகள் எல்லாம் மடிந்தன அல்லது மடியும் தறுவாயில் இருந்தன. போட்டவை நின்றுகொண்டிருந்தன. 24 சாவும் தற்செயலாக ஒரே பக்கம் விழ வேண்டுமானால் அதற்கான வாய்ப்பு சுமார் 32 லட்சம் கோடியில் 1. தடுப்பூசி போட்ட சினை ஆடு ஒன்று பிறகு இறந்தது. சினைக் கோளாறே காரணம் என்றார்கள். அதையும் தடுப்பூசியின் தோல்வியாகவே எண்ணினாலும் வாய்ப்பு 1.29 லட்சம் கோடியில் 1. முதல் படியில் நான் வற்புறுத்தியது இதைத்தான்: எதிராகப் போகும் சாவையும் கணக்கில் வைத்துப் பாருங்கள், நல்ல மருந்து அதையும் தாங்கும்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு மருந்தைத் தவிர மற்ற எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும். மடிநோய்க்கான மூலிகைப் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பரப்பிவருகிறது. இதைப் பூசுபவர் ஒரு நாளில் பல முறை மடியைக் கழுவுகிறார், கெட்ட பாலைப் பீய்ச்சி வெளியேற்றுகிறார். கழுவுவதும் பீய்ச்சுவதும் தம்மளவிலேயே நன்மை தருபவை. அப்படியானால் பூச்சின் பங்கு எவ்வளவு? அதை அறிய, ஒப்பீட்டு மாடுகளையும் அதே எண்ணிக்கையில் கழுவிப் பீய்ச்ச வேண்டும். மருத்துவர் சொன்ன சிகிச்சை இரு குழுவுக்கும் நடக்கட்டும். பாதி மாடுகளுக்கு மட்டும் கூடுதலாகப் பூச்சு போடுங்கள். இப்படிச் செய்தால் எந்த மாட்டையும் கைவிட்டதாகவும் ஆகாது, நம் மரபு மருத்துவத்துக்கு உரிய மரியாதையும் கிடைக்கும். சோதிக்கத் தகுந்தது என்று மதிப்பதுதான் ஒரு மருந்துக்கு நாம் செய்யும் பெரிய மரியாதை.

பலனைப் பார்ப்பவருக்கு எந்த மாட்டுக்கு மருந்து போனது என்று தெரியாமலிருப்பது நல்லது. பாலில் திரி விழுகிறதா, மடியில் வீக்கம் உண்டா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்து எழுதட்டும்.

ஐந்தாம் படி: தலைகளை எண்ணுவதில் உள்ள பொறி

மேலே பெருக்கிய எல்லாப் பெருக்கலிலும் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒரு குட்டியின் விதி இன்னொரு குட்டியைச் சாராது என்பது. தொற்றுநோயில் இது பொய்த்துப்போகிறது. ஒரே கொட்டிலில் ஒன்றுக்குக் கோமாரி வந்தால் பக்கத்து மாட்டுக்கும் வரும். நோய் கொட்டிலுக்குள் நுழையவே இல்லையென்றால் எதற்கும் வராது.

ஆகவே, "என் பட்டியில் 20 ஆட்டுக்கு மருந்து கொடுத்தேன், ஒன்றும் நோயுறவில்லை, கொடுக்காத பக்கத்துப் பட்டியில் 20-இல் 15 நோயுற்றன" என்பது 40 ஆடுகளின் சான்று போலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு பட்டிகளின் சான்று. நோய் ஒரு பட்டிக்குள் நுழைந்தது, இன்னொன்றுக்குள் நுழையவில்லை. மருந்தே இல்லாமலிருந்தாலும் பாதிக்குப் பாதி வாய்ப்பில் இப்படி நடந்திருக்கும். நான் பார்த்தவரை கால்நடை மருந்துகளைப் பற்றிய தவறான நம்பிக்கைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஒரு பட்டிக்குள்ளேயே மருந்து பெற்றதும் பெறாததும் கலந்து நிற்கட்டும். அது முடியாவிட்டால் பட்டிகளையே சீட்டுக் குலுக்கிப் பிரித்து, பட்டிகளையே எண்ணுங்கள். ஒரு மாட்டின் நான்கு காம்புகளை நான்கு மாடுகளாக எண்ணுவதும், ஒரே ஈத்துக் குட்டிகளை முழுக்கத் தனித்தனியாக எண்ணுவதும் இதே பிழைதான்.

குடற்புழு மருந்து: எண்ணிப் பார்க்கும் சோதனை

சில இடங்களில் தேறியதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல் அளந்தே பார்க்கலாம். ஆட்டின் புழுக்கையில் ஒரு கிராமுக்கு எத்தனை புழு முட்டைகள் என்று மருந்துக்கு முன்னும் பின்னும் எண்ணுவது அப்படிப்பட்டது. பத்துப் பதினைந்து ஆடுகளின் புழுக்கையைத் தனித்தனியாக எடுத்து எண்ணிட்டு, மாவட்டத்திலுள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவிலோ பல்கலைக்கழக மையத்திலோ கொடுங்கள். ஒவ்வோர் ஆட்டையும் எடைபோட்டு அதற்கேற்ற மருந்து கொடுங்கள். குறைந்த அளவு கொடுத்துவிட்டு மருந்தைக் குற்றம் சொல்லக் கூடாது. பத்து முதல் பதினான்கு நாளில் மீண்டும் எடுங்கள்.

சராசரி 800 முட்டையிலிருந்து 120-க்கு இறங்கினால் குறைவு 85 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. எனினும் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் நடைமுறையிலுள்ள அளவுகோல் 95 சதவீதம். அதற்குக் கீழே போனால் புழுக்கள் அந்த மருந்தை எதிர்த்து நிற்கப் பழகிவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும். அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகைக்கு இத்தகைய எதிர்ப்பு தமிழ்நாட்டுச் செம்மறிப் பண்ணைகளிலும் பதிவாகியிருக்கிறது.

ஏன் பத்து ஆடாவது வேண்டும்? புழுக்கள் எல்லா ஆட்டிலும் சமமாக இருப்பதில்லை. சில ஆடுகள் மட்டுமே பட்டியின் பெரும்பாலான புழுக்களைச் சுமக்கின்றன. மூன்று ஆட்டைச் சோதித்தால், புழு மிகுந்த ஒன்று அகப்பட்டதா தப்பியதா என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

மருந்து பெறாத ஆடுகள் சிலவற்றையும் எண்ண வேண்டும். கண்ணில் மோசமாகப் பட்டவற்றையே நாம் சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கிறோம். மிக மோசமான நாளில் அளந்தது அடுத்த முறை தானாகவே சற்றுச் சீராகும். சராசரியாக 8 லிட்டர் கறக்கும் மாடு 6 லிட்டர் கறந்த அன்று மாவு மருந்து வாங்கிப் போட்டால் மறுவாரம் 8 லிட்டர் கறக்கும், மருந்து இல்லாமலும் கறந்திருக்கும்.

ஆறாம் படி: விடையைச் சரியாகப் படித்தல்

கணக்கு 0.04 என்று வந்தால் "மருந்து வேலை செய்ய 96 சதவீத வாய்ப்பு" என்று பொருளல்ல. மருந்து வீணானது என்று வைத்துக்கொண்டால் இப்படி ஒரு பலன் வர 4 சதவீத வாய்ப்பு என்பது மட்டுமே பொருள். வித்தியாசம் பெரியது. ஊரில் 100 புது மருந்துகள் சுற்றுகின்றன, அவற்றில் 10 மட்டும் உண்மையானவை என்று கொள்வோம். நம் சோதனை உண்மையானவற்றில் 8-ஐக் கண்டுபிடிக்கும். வீணான 90-இல் 20-க்கு 1 வீதம் நான்கைந்தும் தேறிவிடும். ஆக, தேறிய பன்னிரண்டு பதின்மூன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போலி. அதனால் ஒரு முறை தேறிய மருந்தை அடுத்த பருவத்தில் மறுபடியும் சோதியுங்கள். வீணானது இரு முறையும் தேற 400-இல் 1 வாய்ப்புதான்.

தேறாத மருந்தையும் அவசரப்பட்டு ஒதுக்க வேண்டாம். நோயை 30-இலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கும் அருமையான மருந்துகூட, 10 குட்டிகளில் ஒன்றுக்கும் நோய் வராமல் காப்பது ஐந்தில் ஒரு முறைதான் நடக்கும். சிறு பட்டி பெரிய பலனை மட்டுமே பார்க்க வல்லது. பத்து வீட்டார் ஒரே முறையில், ஒரே படிவத்தில் குறித்துச் சேர்த்தால் பார்வை கூர்மையாகும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பால் கணக்கை நாள் தவறாமல் எழுதும் சங்கத்துக்கு நோய்க் கணக்கு எழுதுவது கடினமல்ல.

"முப்பது மாட்டுக்குக் கொடுத்தேன், ஒரு தீங்கும் இல்லை" என்ற பேச்சுக்கும் கணக்கு உண்டு. பத்தில் ஒரு மாட்டுக்குத் தீங்கு செய்யும் மருந்தாக இருந்தாலும், முப்பதுக்கும் ஒன்றும் ஆகாமல் தப்ப 0.9-ஐ முப்பது முறை பெருக்கிய அளவு, அதாவது 0.042 வாய்ப்பு இருக்கிறது. ஆகவே முப்பது மாடு நிரூபிப்பது, தீங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு மேல் இல்லை என்பதை மட்டும்.

சோதிக்கக் கூடாத இடங்கள்

பலன் நன்றாக நிறுவப்பட்ட கோமாரி, ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகளை ஒப்பீட்டுக்காகப் பாதி ஆடுமாடுகளுக்குப் போடாமல் விடாதீர்கள். அந்தக் கேள்விகளுக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. அடைப்பான் என்ற சந்தேகம் வந்தால், செத்த மாட்டை அறுக்காமல் உடனே கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், அது மனிதருக்கும் தொற்றும். வெறிநாய்க்கடியிலும் எந்தச் சோதனையும் வேண்டாம். ஆன்டிபயாடிக் ஊசியை மருத்துவர் சொல்லாமல் நீங்களே சோதிக்காதீர்கள். மருந்து போட்ட மாட்டின் பாலை அவர் சொல்லும் நாட்கள்வரை சங்கத்துக்கு ஊற்றாதீர்கள். சோதனை நடுவில் ஒப்பீட்டுக் குழு ஆடு ஒன்று மோசமானால் உடனே சிகிச்சை கொடுங்கள். குறிப்பேட்டில் அதை "தேறாதது" என்று எழுதிக்கொண்டால் போதும், கணக்கு கெடாது.